டைட்ரேஷன் விடை தப்பாக வருகிறதா? அறிகுறியை வைத்துப் பிழையைப் பிடிப்பது எப்படி

டைட்ரேஷன் என்பது செறிவு தெரிந்த கரைசலைச் சொட்டுச் சொட்டாக விட்டு, நிறம் மாறும் இடத்தை வைத்து இன்னொரு கரைசலின் செறிவைக் கணக்கிடுவது. அதில் விடை சரியாக வரவில்லை என்றதும் எல்லோரும் முதலில் செய்கிற காரியம், பியூரெட்டை (அளவுக் கோடுகளும் அடியில் அடைப்பானும் உள்ள நீளக் குழாய்) மறுபடி நிரப்பி இன்னொரு தடவை போட்டுப் பார்ப்பது. கொஞ்சம் பொறுங்கள். இதுவரை எடுத்த அளவுகளை, எடுத்த வரிசையிலேயே, எடுத்த நேரத்தோடு ஒரு தாளில் எழுதுங்கள். அந்த எண்கள் எந்த விதத்தில் தப்பாக இருக்கின்றன என்று பாருங்கள். ஒன்றுக்கொன்று ஒட்டாமல் மேலும் கீழும் சிதறுகின்றனவா, மூன்றும் அச்சு அடித்த மாதிரி ஒன்றாக நின்று மொத்தமாக ஒரு பக்கம் தள்ளி இருக்கின்றனவா, இல்லை நேரம் போகப்போக ஒரே பக்கமாக நகர்ந்துகொண்டே போகின்றனவா?

பதினொன்றாம் வகுப்பில் ஒழுங்கற்ற பிழை, முறையான பிழை என்று படித்திருப்போம். பரீட்சை முடிந்ததும் மறந்துவிடுகிறோம், ஆனால் ஆய்வகத்தில் தினமும் சோறு போடுவது அந்தப் பாடம்தான். சிதறுகிற பிழையை நாலைந்து தடவை போட்டுச் சராசரி எடுத்துக் குறைக்கலாம். ஒரு பக்கம் சாய்ந்த பிழையைப் பத்துத் தடவை போட்டாலும் அது இம்மிகூட நகராது, நம் தைரியம்தான் கூடும். அதனால்தான் காரணத்தைத் தேடுவதற்கு முன்னால் பிழை எந்தப் பக்கம் போகிறது என்று பார்க்கச் சொல்கிறேன். பக்கம் தெரிந்துவிட்டால் பாதிக் காரணங்கள் தானாகவே கழிந்துவிடும்.

நான் கிண்டிப் பக்கம் ஒரு தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்தில் வேலை செய்கிறேன். கல்லூரியிலிருந்து பயிற்சிக்கு வருகிறவர்களோடு பல வருடங்களாக உட்கார்ந்து பார்த்ததில், திரும்பத் திரும்ப வரும் அறிகுறிகளை மட்டும் இங்கே எழுதுகிறேன்.

முதல் ரீடிங் மட்டும் கூடுதல், அடுத்தவை ஒத்துப்போகின்றன

போன வருடம் ஒரு பெண் நோட்டோடு வந்து, "அக்கா, எனக்கு எப்பவும் முதல் ரீடிங் மட்டும் கூட வருது, அதை அடிச்சிட்டு மத்த ரெண்டையும் எழுதிக்கட்டுமா?" என்று கேட்டாள். நோட்டில் 24.7, 24.5, 24.5. அடிக்க வேண்டாம் என்று சொல்லி, அவளையே பியூரெட்டை நிரப்பச் சொன்னேன். அவள் புனலை வைத்து ஊற்றினாள், சுழியத்துக்குக் கொண்டுவந்தாள், பிறை, அதாவது கரைசலின் வளைந்த மேற்பரப்பு, கோட்டில் அழகாக நின்றது. எல்லாம் சரி. அப்புறம் அடைப்பானுக்குக் கீழே இருக்கிற நுனிக் குழாயை டியூப்லைட் வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்க்கச் சொன்னேன். உள்ளே சுண்டுவிரல் நகம் நீளத்துக்கு ஒரு காற்றுத் துண்டு, ஓரம் மட்டும் வெள்ளியாக மின்னிக்கொண்டு, அசையாமல் இருந்தது. கரைசல் அதன் பக்கவாட்டில் வழிந்து கீழே போகிறது, காற்று அப்படியே நிற்கிறது. பத்துப் பன்னிரண்டு மி.லி. போன பிறகு எப்போதோ சட்டென்று வெளியே வந்துவிடும், அந்த இடத்தைக் கரைசல் பிடித்துக்கொள்ளும். பியூரெட்டில் குறைந்த அந்த 0.2 மி.லி. கூம்புக் குடுவைக்குப் போகவே இல்லை, ஆனால் கணக்கில் ஏறிவிட்டது. அடுத்த தடவைகளில் குமிழி இல்லை, அதனால் எண்கள் ஒத்துப்போகின்றன.

சரிசெய்வது சுலபம். சுழியம் வைப்பதற்கு முன்னால் அடைப்பானை முழுசாகத் திறந்து ஒரே வேகத்தில் ஐந்தாறு மி.லி. பீக்கரில் விடுங்கள், போகவில்லை என்றால் பியூரெட்டைச் சற்றுச் சாய்த்து நுனியை விரலால் தட்டுங்கள். பிறகுதான் சுழியம். புனலையும் அப்போதே எடுத்துவிடுங்கள். அதன் அடியில் தொங்கும் சொட்டு பாதி டைட்ரேஷனில் உள்ளே விழுந்தால் இதற்கு நேர் எதிராக, ரீடிங் குறைந்து காட்டும்.

ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு எண்

24.3, 24.8, 24.1 என்று எகிறினால் அது பெரும்பாலும் கைப்பழக்கத்தில் இருக்கிறது. முதலில் அடைப்பானைப் பாருங்கள்: பியூரெட்டை நிரப்பி, ரீடிங் எடுத்து, பத்து நிமிடம் தொடாமல் விட்டுவிட்டு மறுபடி ரீடிங் எடுங்கள். இறங்கியிருந்தால் கசிகிறது, வேறெதையும் தேட வேண்டாம். கசியவில்லை என்றால் உள்சுவரைப் பாருங்கள். கரைசல் இறங்கிய பிறகு சுவரில் முத்து முத்தாகத் துளிகள் ஒட்டியிருந்தால் உள்ளே எண்ணெய்ப் பசை இருக்கிறது என்று அர்த்தம், எவ்வளவு ஒட்டும் என்பது தடவைக்குத் தடவை மாறும். சோப்புக் கரைசல் விட்டுப் பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவி, கடைசியில் டிஸ்டில்டு வாட்டர் விட்டால், தண்ணீர் ஒரே மெல்லிய படலமாக இறங்க வேண்டும்.

அடுத்து கண். இடமாறு தோற்றப் பிழை என்று எல்லோருக்கும் தெரியும், ஆனால் பியூரெட்டை மேசைமேல் உயரமாக நிறுத்திவிட்டுச் சுழியத்தைக் கீழேயிருந்தும் முடிவை நேராகவும் பார்க்கிறவர்களைத் தினமும் பார்க்கிறேன். இரண்டு ரீடிங்குக்கும் கண் பிறையின் மட்டத்துக்கு வர வேண்டும், அதற்கு ஸ்டூலில் ஏறவும் வேண்டியிருக்கும், குனியவும் வேண்டியிருக்கும். ஒரு வெள்ளை அட்டையில் பாதிக்குக் கறுப்பு மையைப் பூசி, கறுப்பு விளிம்பு பிறைக்கு ஒரு மில்லிமீட்டர் கீழே வரும்படி பின்னால் பிடியுங்கள், பிறை கத்தி முனை மாதிரி தெரியும். பெர்மாங்கனேட் மாதிரி அடர்நிறக் கரைசலுக்கு மட்டும் மேல் விளிம்பைப் படியுங்கள். தொடக்கத்தில் மேல் விளிம்பு, முடிவில் கீழ் விளிம்பு என்று கலக்காமல் இருந்தால் போதும்.

பிப்பெட்டை (குறித்த அளவு கரைசலை எடுத்து விடும் குழாய்) அது எடுக்கப்போகும் கரைசலாலேயே கழுவ வேண்டும். கூம்புக் குடுவையைக் கரைசலால் கழுவக் கூடாது, அது தண்ணீரில் நனைந்திருந்தால் ஒன்றும் கெட்டுப்போகாது. இதை மாற்றிச் செய்தால் வருகிற பிழையும் தடவைக்கு ஒரு மாதிரி இருக்கும். நுனியில் நிற்கும் கடைசிச் சொட்டை ஊதவும் கூடாது. நுனியைக் குடுவைச் சுவரில் தொட்டு, வடியவிட்டு எடுங்கள். ஊதித் தள்ள வேண்டிய பிப்பெட் தனி வகை, அதன் மேலேயே குறித்திருப்பார்கள்.

இவ்வளவும் சரியென்றால் மிச்சம் இருப்பது சொட்டு. ஒரு சொட்டு கிட்டத்தட்ட 0.05 மி.லி. ஏ வகுப்பு 50 மி.லி. பியூரெட்டுக்கு அனுமதிக்கப்பட்ட பிழையும் அதே 0.05தான். 25 மி.லி. ரீடிங்கில் அது 0.2 சதவீதம், 5 மி.லி. ரீடிங்கில் 1 சதவீதம். ரீடிங் ஏழு எட்டு மி.லி.யிலேயே முடிந்துவிடுகிறது என்றால் எவ்வளவு கவனமாக இருந்தாலும் பலனில்லை, பியூரெட்டில் ஊற்றும் கரைசலை நீர்க்கச் செய்து இருபதுக்கு மேல் கொண்டுவாருங்கள்.

மூன்றும் ஒன்று, ஆனால் விடை தப்பு

எனக்கு அதிகம் பயம் தருகிற அறிகுறி இதுதான், ஏனென்றால் கன்கார்டன்ட் வேல்யூ (ஒத்துப்போகிற ரீடிங்) வந்துவிட்டது என்று நிம்மதியாகக் கையெழுத்துப் போட்டுவிடுவோம். எண்கள் ஒன்றோடொன்று ஒத்துப்போவது நுட்பம், உண்மையோடு ஒத்துப்போவதுதான் துல்லியம். முதலாவது இருப்பதால் இரண்டாவது வந்துவிடாது.

இந்த மாதிரி ஒரு பக்கச் சாய்வை லேசாக விடக்கூடாது என்பதற்கு ஆங்கில இயற்பியலாளர் ரேலே பிரபுவைத்தான் எப்போதும் சொல்வேன். காற்றிலிருந்து பிரித்த நைட்ரஜன் ஒரு லிட்டருக்கு 1.2572 கிராம், வேதிச் சேர்மங்களிலிருந்து எடுத்தது 1.2505 கிராம். வித்தியாசம் அரை சதவீதம்தான். இரண்டு பக்கமும் தனித்தனியே ஒத்துப்போன எண்கள். இரண்டையும் சேர்த்துச் சராசரி போட்டு அவர் முடித்துவிடவில்லை, ஒரே பக்கமாக ஏன் சாய்கிறது என்று விடாமல் தேடினார், வேதியியலாளர் ராம்சேயும் சேர்ந்துகொண்டார், காற்று நைட்ரஜனோடு கலந்து அதைக் கனமாக்கிய ஆர்கான் என்ற வாயு 1894-இல் கிடைத்தது.

நம் மேசையில் ஆர்கான் இருக்காது, ஆனால் திட்டக் கரைசலில், அதாவது செறிவு துல்லியமாகத் தெரியும் என்று நாம் நம்புகிற கரைசலில், கோளாறு இருக்கும். முதல் சந்தேகம் எப்போதும் அதன்மேல்தான். ஆக்சாலிக் அமிலத்தில் இரண்டு நீர் மூலக்கூறு உண்டு, மூலக்கூறு நிறை 126.07, நீரில்லாத 90.03-ஐப் போட்டுக் கணக்கிட்டால் விடை எங்கோ போய்விடும். சோடியம் ஹைட்ராக்சைடை நாலு தசமம் வரை எடை போட்டு, அதையே திட்டக் கரைசல் என்று நம்புகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். சென்னையில் அந்த வெள்ளை வில்லைகளை வாட்ச் கிளாஸில் வைத்துவிட்டுத் தராசைப் பாருங்கள். 4.0121, 4.0126, 4.0133 என்று கடைசி இலக்கங்கள் ஏறிக்கொண்டே இருக்கும். வில்லையின் முனை மழுங்கி, மேற்பரப்பு மினுமினுத்து, அடியில் ஈரம் கோத்துக்கொள்ளும். காற்றிலிருந்து ஈரத்தையும் கார்பன் டை ஆக்சைடையும் அது இழுக்கிறது. எவ்வளவு கவனமாக எடை போட்டாலும் அதில் ஹைட்ராக்சைடு எவ்வளவு என்று தராசுக்குத் தெரியாது. தோராயமாகக் கரைத்துக்கொண்டு, 110 டிகிரியில் உலர்த்திய பொட்டாசியம் ஹைட்ரஜன் தாலேட்டை வைத்துச் செறிவைக் கண்டுபிடியுங்கள். அந்த வேலையில் எந்த நிறங்காட்டியை (நிறம் மாறி முடிவைக் காட்டும் பொருள்) பயன்படுத்தினீர்களோ அதையே பிறகும் பயன்படுத்துங்கள், ஏனென்றால் கார்பனேட் கலந்த கரைசல் பினாஃப்தலீனுக்கு ஒரு செறிவும் மெத்தில் ஆரஞ்சுக்கு ஒரு செறிவும் காட்டும்.

அப்புறம் தண்ணீர். கேன் தண்ணீர் டிஸ்டில்டு வாட்டர் இல்லை. சுத்தமாக இருக்கிறது, ஆர்.ஓ. தண்ணீர்தானே என்று கடினத்தன்மைப் பரிசோதனையில் நீர்க்கச் செய்ய அதை ஊற்றினால் ஒவ்வொரு விடையும் ஒரே அளவு கூடுதலாக வரும். சோதிப்பதற்கு ஒரு நிமிடம் போதும்: நீங்கள் பயன்படுத்தும் தண்ணீரில் 50 மி.லி. எடுத்து, அமோனியா பஃபர் (பி.எச். மாறாமல் வைக்கும் கரைசல்) விட்டு, எரியோகுரோம் பிளாக் டி என்கிற நிறங்காட்டியை ஒரு சிட்டிகை போடுங்கள். நீலமாக நின்றால் நல்ல தண்ணீர். ஒயின் சிவப்பாக மாறினால் அதில் கால்சியமோ மக்னீசியமோ இருக்கிறது.

காலையில் ஒரு எண், மதியம் ஒரு எண்

நேரத்தோடு எழுதி வைத்தவர்களுக்குத்தான் இது கண்ணில் படும். சில கரைசல்கள் தாங்களே மாறும். மோர் உப்பு என்கிற ஃபெரஸ் அம்மோனியம் சல்பேட் கரைசலில் இருக்கும் இரும்பு காற்றில் ஆக்சிஜனேற்றம் அடைகிறது, அதனால் நேரம் போகப்போகப் பெர்மாங்கனேட் ரீடிங் குறையும். கரைக்கும்போதே நீர்த்த கந்தக அமிலம் சேர்த்து அன்றைக்கே முடித்துவிடுங்கள். பெர்மாங்கனேட்டே கெட்டுப்போனால் ரீடிங் கூடும். புதிதாகக் கரைத்த பெர்மாங்கனேட்டை அன்றே நம்பக் கூடாது; சில நாள் வைத்து, காகிதத்தில் அல்லாமல் கண்ணாடி வடிகட்டியில் வடிகட்டி, பழுப்பு பாட்டிலில் ஊற்றி, அதற்குப் பிறகு செறிவைக் கண்டுபிடிக்க வேண்டும்.

கரைசல் கெடாமலேயே எண் மாறுகிறது என்றால் வெப்பநிலையைப் பாருங்கள். இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதில் பலரும் தப்பான இடத்தில் பயப்படுகிறார்கள். இந்தியத் தரப்படி செய்த அளவுக் குடுவைகளில் 27 டிகிரி என்று இருக்கும், வெளிநாட்டுக் குடுவைகளில் 20 டிகிரி என்று இருக்கும். நைனியப்ப நாயக்கன் தெருவில் வாங்கி வந்த இரண்டு குடுவையில் இரண்டு எண்ணைப் பார்த்துவிட்டு, "இதுல எதை நம்புறது மேடம்?" என்று கேட்பார்கள். இரண்டையும் நம்பலாம். போரோசிலிகேட் கண்ணாடி ஒரு டிகிரிக்கு லட்சத்தில் ஒரு பங்குதான் கொள்ளளவில் விரியும். ஒரு லிட்டர் குடுவையில் ஏழு டிகிரிக்கு 0.07 மி.லி. அது ஒன்றரைச் சொட்டுக்கூட இல்லை.

விரிவது தண்ணீர். கண்ணாடியைப்போல முப்பது மடங்கு விரிகிறது. 23 டிகிரியில் தண்ணீரின் அடர்த்தி 0.9975, 34 டிகிரியில் 0.9944. எங்கள் இடத்தில் கரைசல் தயாரிக்கும் அறைக்கு ஏ.சி. உண்டு, டைட்ரேஷன் மேசை இருக்கும் கூடத்துக்கு அப்போது கிடையாது. அக்னி நட்சத்திரத்தில் ஏ.சி. அறையில் செறிவு கண்ட கரைசலை வெளியே கொண்டுவந்து, அது கூடத்தின் சூட்டுக்கு வந்த பிறகு பயன்படுத்தினால், ஒரு மி.லி.க்குள் இருக்கும் பொருள் 0.3 சதவீதம் குறைந்துவிடுகிறது. 25 மி.லி. ரீடிங்கில் 0.08 மி.லி. கூடுதல். காலையில் கரைசல் இன்னும் குளிராக இருக்கும்போது எடுத்ததும் மதியம் எடுத்ததும் ஏன் ஒட்டவில்லை என்று ஒரு வாரம் பியூரெட்டை மாற்றி, ஆளை மாற்றிப் பார்த்தோம். கடைசியில் கரைசல் பாட்டிலுக்குள் வெப்பமானியை விட்டபோதுதான் விஷயம் தெரிந்தது. இப்போது எந்தக் கரைசலுக்கும் செறிவு காண்பது, அதைப் பயன்படுத்தும் அதே மேசையில், அதே சூட்டில்தான்.

தராசு ஒரு எண்ணில் நிற்க மாட்டேன் என்கிறது

எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பாருங்கள். ஏறிக்கொண்டே போனால் பொருள் ஈரம் இழுக்கிறது, அல்லது சூடாக வைத்துவிட்டீர்கள், அது ஆறிக்கொண்டிருக்கிறது. சூடான பொருளைச் சுற்றிக் காற்று மேலே எழும், தட்டைத் தூக்கும், எடை குறைவாகக் காட்டும். அடுப்பிலிருந்து எடுத்த குரூசிபிளைக் கையில் தொட்டுப் பார்த்து ஆறிவிட்டது என்று முடிவு செய்யாதீர்கள், டெசிகேட்டரில் (ஈரத்தை உறிஞ்சும் பொருள் வைத்த மூடிய பாத்திரம்) அரை மணி நேரமாவது இருக்கட்டும். அந்த டெசிகேட்டரையும் பாருங்கள். ஐப்பசி கார்த்திகை மழையில் நீல சிலிக்கா ஜெல் வெகு சீக்கிரம் ரோஸ் நிறமாகிவிடும், அப்புறம் அது வெறும் மூடி போட்ட கண்ணாடிப் பாத்திரம்தான். 110, 120 டிகிரியில் காயவைத்து மறுபடி நீலமாக்குங்கள்.

மேலும் கீழும் ஆடினால் காற்றோ அதிர்வோ. மின்விசிறியை நிறுத்துங்கள், ஏ.சி. காற்று நேராக விழுகிறதா என்று பாருங்கள், கதவுகளை மூடுங்கள். ரயில் பாதைக்குப் பக்கத்தில் இருக்கும் ஆய்வகத்தில் வண்டி போகும்போது கடைசி இலக்கம் துள்ளும். கனமான கடப்பைக் கல்லைச் சுவரை ஒட்டாமல் தனியாக நிறுத்தி அதன்மேல் தராசை வைத்தால் பெரிய வித்தியாசம் தெரியும். கரண்ட் போய் வந்தால் தராசு மறுபடி சூடேற அரை மணி நேரம் கொடுங்கள்.

நிலையாக நிற்கிறது, ஆனால் எடையே தப்பு என்றால் அது எங்கே அளவுதிருத்தம் செய்யப்பட்டது என்று கேளுங்கள். மின்னணுத் தராசு அளப்பது புவி இழுக்கும் விசையை. டெல்லியில் சரிசெய்த தராசைச் சென்னைக்குக் கொண்டுவந்து அப்படியே வைத்தால் 100 கிராமுக்குக் கிட்டத்தட்ட 0.09 கிராம் குறைத்துக் காட்டும், இங்கே புவியீர்ப்பு அந்த அளவுக்குக் குறைவு. இடம் மாற்றினால் சான்றளித்த எடைக்கல்லை வைத்து அந்த இடத்திலேயே திருத்த வேண்டும். பக்கத்து அறைக்கு மாற்றினாலும் குமிழி மட்டத்தையாவது பாருங்கள்.

முடிவு நிலை பிடிபடவில்லை

பெர்மாங்கனேட்டில் பழுப்பு நிறம் வந்தால் அமிலம் போதவில்லை, அல்லது அவசரப்பட்டு வேகமாக விட்டுவிட்டீர்கள். மாங்கனீசு டை ஆக்சைடு உருவாகிவிட்டது, அந்தக் குடுவையைக் கொட்டிவிட்டு மறுபடி ஆரம்பியுங்கள். ஆக்சாலிக் அமிலத்தை 60, 70 டிகிரிக்குச் சூடாக்க வேண்டும், கொதிக்கவிட்டால் அமிலமே சிதையும், ரீடிங் குறையும். மோர் உப்பைச் சூடாக்கவே கூடாது.

கடினத்தன்மையில் ஒயின் சிவப்பு பளிச்சென்று நீலமாகாமல் ஊதாவிலேயே இழுத்துக்கொண்டு போனால் பஃபர் பாட்டிலைத் திறந்து பாருங்கள். அமோனியா நெடி மூக்கைத் தாக்க வேண்டும். நம் வெயிலில் மூடி சரியாக இறுகாத பாட்டிலில் அமோனியா போய்விடும், பி.எச். 10 கிடைக்காது. பஃபர் நல்லதாக இருந்தும் இழுத்தால், போர்வெல் தண்ணீரில் இரும்பு இருக்கலாம், அது நிறங்காட்டியைப் பிடித்துக்கொண்டு விடாது. 50 மி.லி. மாதிரிக்குப் பியூரெட்டில் 0.01 மோலார் இ.டி.டி.ஏ. (கால்சியத்தையும் மக்னீசியத்தையும் பிடித்துக்கொள்ளும் பொருள்) என்றால் ரீடிங்கை 20-ஆல் பெருக்குகிறோம், ஒரு சொட்டு லிட்டருக்கு 1 மில்லிகிராம். குடிநீருக்கான இந்தியத் தரம் ஐ.எஸ். 10500 சொல்லும் ஏற்கத்தக்க கடினத்தன்மை 200. 198-ஆ 203-ஆ என்பதை அந்தச் சில சொட்டுகள்தான் முடிவு செய்கின்றன. தண்ணீரைப் பரிசோதிக்கக் கொடுத்தவர் வீட்டில் குழந்தைகள் அதைக் குடிக்கிறார்கள். அவசரப்படாதீர்கள்.

பி.எச். மீட்டர், கலரிமீட்டர்

மீட்டர் மெதுவாக நகர்ந்து கடைசி வரை நிற்கவில்லை என்றால் மின்முனை காய்ந்திருக்கிறது, அல்லது யாரோ அதை டிஸ்டில்டு வாட்டரில் போட்டு வைத்திருக்கிறார்கள். 3 மோலார் பொட்டாசியம் குளோரைடில் வைக்க வேண்டும். பி.எச். 7 பஃபரில் சரி, 4 பஃபரில் தப்பு என்றால் மின்முனையின் சரிவு (பி.எச். மாறும்போது அது காட்டும் மின்னழுத்த மாற்றம்) குறைந்துவிட்டது. கலரிமீட்டரில் எண் மெதுவாக ஏறினால் குவெட்டின் (கரைசல் ஊற்றி வைக்கும் சிறு குப்பி) வெளிப்பக்கத்தைப் பாருங்கள், ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த கரைசலை ஊற்றியதும் நம் ஊர்க் காற்றில் உடனே வியர்த்துவிடும். உட்கவர்தல் (கரைசல் ஒளியை உறிஞ்சும் அளவு) 1-க்கு மேல் போனால் நீர்க்கச் செய்து படியுங்கள்.

எல்லாம் பார்த்தாயிற்று, இன்னும் தப்பு

ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். பியூரெட், கரைசல், ஆள் மூன்றையும் சேர்த்து மாற்றினால் விடை சரியாகிவிடும், காரணம் மட்டும் தெரியாது, அடுத்த மாதம் திரும்ப வரும். விடை ஏற்கெனவே தெரிந்த ஒரு மாதிரியைப் போடுங்கள். அதுவும் தப்பென்றால் பிப்பெட்டையே எடை போட்டுப் பாருங்கள், இதற்கு வெளியே யாரையும் தேடிப் போக வேண்டியதில்லை: எடை பார்த்த மூடியுள்ள பாட்டிலில் 25 மி.லி. டிஸ்டில்டு வாட்டரை விட்டு மறுபடி எடை பாருங்கள், தண்ணீரின் வெப்பநிலையைக் குறியுங்கள். 30 டிகிரியில் அது 25 கிராம் வராது, வரவும் கூடாது, காற்றின் மிதப்பையும் சேர்த்துக் கணக்கிட்டால் 24.87 கிராம். ஐந்து தடவை விட்டுப் பார்த்து, சராசரி அதிலிருந்து 0.03-க்கு மேல் விலகினால் அந்தப் பிப்பெட்டின் கழுத்தில் சிவப்பு டேப் ஒட்டித் தனியே எடுத்து வைத்துவிடுங்கள், அடுத்த ஷிப்ட் ஆள் தெரியாமல் எடுத்துவிடாதபடி.